மாத்திரையை விட்ட சாமி

கார்த்திகை 1, திங்கள்

காலை நாலரைக்குப் பச்சைத் தண்ணீரில் தலை முழுகி மாலை போட்டாயிற்று. எனக்கு இது பன்னிரண்டாவது வருஷம். மாவு மில் தேவராஜ்தான் எங்கள் குழுவுக்குக் குருசாமி. என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். மலைக்குப் போவது என் வேனில், ஓட்டுவது நான். பதினோரு வருஷமாக ஒரு கீறல் விழாமல் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறேன்.

மாலை போடும்போது குருசாமி ஒவ்வொருத்தரிடமும், "சாமி எதை விடறீங்க?" என்று கேட்பார். எங்கள் குழுவில் அப்படி ஒரு வழக்கம். பஞ்சர் கடை குப்புராஜ், "பீடியுங்க" என்றான். ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு ஊதுகிற ஆள். எல்லோரும் சத்தமாகச் சரணம் போட்டார்கள். இன்னொருத்தர் பிராந்தி, இன்னொருத்தர் சீட்டாட்டம். என் முறை வந்தது. எனக்குப் பீடி இல்லை, குடி இல்லை, சீட்டு இல்லை, வெற்றிலை பாக்குகூட இல்லை. வருஷா வருஷம் "கோவத்தை விடறேனுங்க" என்று சொல்லி ஒப்பேற்றி வந்தேன்.

"அதைத்தான் வருசா வருசம் விடறீங்க, போனதாக் காணமே சாமி" என்று குப்புராஜ் சிரித்தான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இந்த வருசம் ஒண்ணை விடறேனுங்க. என்னன்னு வெளிய சொல்ல மாட்டேன்" என்றேன்.

"மனசுக்குள்ள சொன்னாப் போதும்" என்றார் குருசாமி.

நான் விட்டது மாத்திரை. இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள், எழுதினால் என்ன. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நாலு மாசம் நான் கட்டிலை விட்டு எழவில்லை. வேன் வாசலில் தூசி படிந்து நின்றது. என் மனைவி சாந்தாமணிதான் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மனசுக்கான மாத்திரை, தினம் காலையில் ஒன்று. தினம் நோட்டில் ஏதாவது எழுதச் சொன்னதும் அங்கிருக்கும் டாக்டரம்மாதான். ஊரைப் பொறுத்தவரை எனக்குக் கேஸ் ட்ரபிள், மாத்திரை அதற்குத்தான். இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்? மாலை போட்டவனுக்கு மாத்திரை எதற்கு?

கார்த்திகை 2, செவ்வாய்

ஒன்றும் ஆகவில்லை. நூல் மில்லுக்கு ரெண்டு ட்ரிப். மதியம் புளிசாதம்.

கார்த்திகை 4, வியாழன்

பல் விளக்கும்போது தலைக்குள் ஒரு சுருக். கரண்ட் வயரைத் தொட்டால் கையில் அடிக்குமே, அது மண்டைக்குள் அடித்தது. அரை நொடிதான். விடிகாலைக் குளிர்ந்த தண்ணீர், வேறென்ன.

கார்த்திகை 6, சனி

சுருக் வருகிற வழியைக் கண்டுபிடித்துவிட்டேன். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் பக்கவாட்டில் ஓட்டினால் வருகிறது. அதனால் கண்ணை ஓட்டுவதில்லை, தலையையே திருப்பிவிடுகிறேன். ஆள் கொஞ்சம் விறைப்பாகத் தெரிகிறேன் போலிருக்கிறது. என் வேனில் மில்லுக்கு வரும் சரசு, "ஏனுங்ணா, மாலை போட்டதும் மிலிட்டரி ஆயிட்டீங்க?" என்று கேட்டாள்.

நின்றால் தரை லேசாக ஆடுகிறது. பித்தம். சுக்குக் கஷாயம் குடித்தேன்.

கார்த்திகை 8, திங்கள்

குப்புராஜுக்கு வந்த வாழ்வைப் பார்க்க வேண்டும். பீடியை விட்டதில் கை நடுங்குகிறது, தூக்கமில்லை, எரிந்து எரிந்து விழுகிறான். ஊரே அவனைத் தாங்குகிறது. "பாவம், சாமி பீடிய உட்டிருக்குது" என்று டீக்கடைக்காரர் கடலை மிட்டாய் கொடுக்கிறார். குருசாமி வீட்டிலிருந்து அவனுக்குத் தனியாக மோர் போகிறது. எனக்கும் அதே நடுக்கம், அதே தூக்கமின்மை. கேட்பதற்கு நாதி இல்லை. நான்தான் வெளியே சொல்ல மாட்டேன் என்று பெரிய மனுஷத்தனம் பண்ணினேனே.

கனவு வேறு. நேற்று ஒரு வெள்ளாடு என் வேனை ஓட்டியது. நான் பின்சீட்டில். நன்றாகத்தான் ஓட்டியது, குறை சொல்ல முடியாது. பழனி ரோட்டில் நிறுத்தி, "எறங்குங்க, உங்க ஊர் வந்துருச்சு" என்றது. விழித்தபோது சட்டை பூராவும் வேர்வை.

கார்த்திகை 10, புதன்

மாலை போட்டவன் கோபப்படக் கூடாது, எல்லோரையும் சாமி என்றே கூப்பிட வேண்டும். இன்று ஒரு பைக்குக்காரன் இடதுபக்கமாகப் புகுந்து குறுக்கே வெட்டினான். வேனை நிறுத்தி இறங்கிக் கத்திவிட்டேன்.

"சாமி! அறிவிருக்குதா சாமி? கண்ணு பொடனீலயா இருக்குது சாமி? உங்கள மாதிரி சாமிக்கெல்லாம் எவன் சாமி லைசென்சு குடுத்தது?"

அவன் பயந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டான். வேனுக்குள் இருந்த பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 

கார்த்திகை 12, வெள்ளி

டிவியில் சோப்பு விளம்பரம். ஒரு சின்னப் பெண் சேற்றில் விழுகிறாள், அவள் அம்மா சிரிக்கிறாள். அவ்வளவுதான் கதை. நான் விக்கி விக்கி அழுதேன். சாந்தாமணி சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தாள்.

மாலை போட்டதிலிருந்து அவள் என்னைச் சாமி என்கிறாள், நான் அவளை அம்மா என்கிறேன்.

"சாமி, என்னாச்சு?"

"வெங்காயமுங்கம்மா."

"வெங்காயம் நானு உள்ள அரியறேன். சாமிக்கு இங்க எப்படிக் கண்ணு கலங்கும்?" முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "மாத்திரை ஒழுங்காப் போட்டுக்கறீங்களா?"

"போட்டுக்கறேனுங்கம்மா."

மாலை போட்டுக்கொண்டு பொய் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டேன். ரெண்டு தரம் வாய் கொப்பளித்தேன்.

கார்த்திகை 14, ஞாயிறு

பஜனை. வருஷா வருஷம் இன்றைக்குத்தான் குருசாமி எங்கள் ஒவ்வொருத்தரின் மாத்திரை மருந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வார். முன்னொரு வருஷம் மலையில் ஒருத்தர் மயங்கி விழுந்து, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று யாருக்கும் தெரியாமல் தவித்தோம். அதிலிருந்து இந்த ஏற்பாடு.

"நாச்சிமுத்து சாமி, அதே கேஸ் மாத்திரைதானுங்களே?"

"அதேதானுங்க."

எழுதிக்கொண்டார். இது மூன்றாவது பொய். நான் கணக்கு வைக்கிறேனா என்று கேட்டால், ஆமாம், வைக்கிறேன்.

கார்த்திகை 17, புதன்

சுருக் இன்று நிறைய.

கார்த்திகை 20, சனி

காலை ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும்போது வாய்க்கால் திருப்பத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக் அடித்தேன். வேன் ரோட்டை விட்டு இறங்கி, சேற்றில் முன்சக்கரம் பதிந்து நின்றது. யாருக்கும் அடியில்லை. சரசுவின் டிபன் கேரியர் திறந்து, ரசம் பூராவும் முன்சீட்டு அக்கா தலையில் கொட்டியது. அந்த அக்காவே சிரித்ததால் தப்பித்தேன். எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள்.

"நாய் வந்துருச்சுங்க, அதான்" என்றேன்.

"எந்த நாயிங்ணா?" என்று சரசு கேட்டாள். அவள் எனக்கு நேர் பின்னால், ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள்.

செவலை நாய் என்றேன்.

கார்த்திகை 21, ஞாயிறு

நாய் வரவில்லை.

சைடு கண்ணாடியைப் பார்த்தேன். தலையைத் திருப்ப மறந்து கண்ணை மட்டும் ஓட்டிவிட்டேன். வரிசையாக நாலு சுருக். அந்த ரெண்டு நொடி ரோடு எங்கே இருந்தது என்றே எனக்குத் தெரியாது. வாய்க்கால் அந்தப் பக்கம் இருந்தது, சேறு இந்தப் பக்கம். இந்தப் பக்கம் போனது என் சாமர்த்தியம் இல்லை. உள்ளே பதினாலு பேர்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்ச் சாந்தாமணியிடம் சொன்னேன். இட்லி ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எத்தன நாளா?"

"மாலை போட்ட அன்னைக்கிருந்து."

"ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்ல மாட்டீங்களா? திரும்பவும் அந்தக் கட்டில்ல உங்களப் பார்க்கோணுமா நானு?" அழுதாள். பிறகு, என்னைச் சாமி என்று கூப்பிட மறந்துவிட்டது ஞாபகம் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாமி நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வருது. பஸ்லதான்" என்றாள்.

வேன் சாவியை அவள் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கார்த்திகை 22, திங்கள்

டாக்டரம்மாவுக்கு எனக்கு மகளாகிற வயசுதான் இருக்கும். நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். கண்ணை ஓட்டினால் சுருக்கென்கிறது என்றதும் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் வரும். தலைச்சுத்தல், அழுகை, கோவம், கனவு எல்லாம் அதோட சேர்ந்ததுதான். பயப்படாதீங்க, சரியாயிடும். யார் நிறுத்தச் சொன்னது?"

"நானேதானுங்க. மாலை போட்டிருக்கறேன்."

"உங்க குழுவுல யாருக்காவது சர்க்கரை இருக்கா?"

"குருசாமிக்கே இருக்குதுங்க."

"அவர் மருந்தை நிறுத்திட்டாரா?"

 சாந்தாமணி பக்கத்தில் இருந்துகொண்டு, "கேளுங்கம்மா, நல்லாக் கேளுங்க" என்றாள்.

மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொன்னார். மாத்திரையை விடவே கூடாது என்று இல்லையாம். சரியான நேரம் வந்தால் அவரே சொல்வாராம், மாசக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இறக்குவாராம். டாப் கியரிலிருந்து எவனாவது நேராக ஒன்றாம் கியருக்குப் போடுவானா? இருபத்தைந்து வருஷ டிரைவருக்கு இது தெரியாமல் போயிற்று.

கடைசியில்தான் குண்டைத் தூக்கிப் போட்டார். கடைசிச் சுருக் வந்த நாளிலிருந்து ரெண்டு வாரம் சுத்தமாக இருந்தால்தான் ஸ்டியரிங்கைத் தொடலாம்.

மலைக்குப் புறப்படுவது மார்கழி 3. விரல் விட்டு எண்ணினேன். எப்படி எண்ணினாலும் வரவில்லை.

கார்த்திகை 24, புதன்

மில்லுக்கு வேறு டிரைவர் ஏற்பாடு. குருசாமி விசாரித்தார். கை சுளுக்கு என்றேன். நாயையும் சேர்த்தால் ஐந்தாவது பொய்.

கார்த்திகை 27, சனி

சுருக் ஒன்றே ஒன்று, அதுவும் மெதுவாக. ராத்திரி கனவே இல்லாமல் தூங்கினேன். சாந்தாமணி பொரித்த அப்பளம் ருசித்தது. மூன்று வாரமாக எதுவும் ருசிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"நாளைக்குப் பஜனைல சொல்லிப்போடுங்க சாமி" என்றாள்.

"என்னன்னு சொல்றது? பைத்தியம்பாங்க."

"சொல்லட்டும். பள்ளத்துல உழுகறதுக்கு அது தேவல."

கார்த்திகை 28, ஞாயிறு

பஜனை முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து நின்றேன். பதினோரு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இந்த வருசம் வேன நான் ஓட்டலீங்க."

"கை சுளுக்கு இன்னும் ஆகலீங்களா?" என்றார் குருசாமி.

"கை நல்லாத்தானுங்க இருக்குது. அது பொய். மாலை போடறப்ப ஒண்ணை விடறேன்னனே, அது என்னோட மாத்திரைங்க."

"கேஸ் மாத்திரையா?"

"கேசுமில்ல, ஒண்ணுமில்லீங்க. மனசுக்குச் சாப்படற மாத்திரை. ரெண்டு வருசமாச் சாப்படறேன். அதை உட்டதுலதான் தலை கிறுகிறுத்து, போன வாரம் மில் ட்ரிப்புல வேனச் சேத்துல எறக்கிட்டேன். நாயெல்லாம் வரலீங்க."

சுண்டல் மெல்லுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. வாழைக்காய் மண்டிக்காரர்தான் முதலில் பேசினார். "அப்ப ரெண்டு வருசமா மனசு சரியில்லாத ஆளா நம்மள மலைக்கு ஓட்டிட்டுப் போனது?"

எனக்கு முகம் சுட்டது. உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது. அதற்குள் குப்புராஜ் எழுந்தான். பீடியை விட்ட கோபம் அவனுக்கு இன்னும் பாக்கி இருந்தது.

"மாத்திரை போட்ட ரெண்டு வருசமும் வண்டீல ஒரு கீறல் உழுந்துதுங்களா? உட்டதுக்கப்பறந்தான பள்ளத்துக்குப் போச்சு? ரோசனை பண்ணிப் பேசுங்க சாமி."

மண்டிக்காரர் யோசித்தார். "அதுஞ் சரிதான்" என்று சுண்டலுக்குத் திரும்பினார்.

அப்புறம் குருசாமி வெடித்தார். "டேய் நாச்சிமுத்து! மாத்திரைய உடச்சொல்லி உன்னைய எந்தச் சாமிடா கேட்டுது? நான் தெனமும் வகுத்துல ஊசி போட்டுட்டு மலை ஏறறேன். அதை உட்டுப்போட்டு ஏறுனா என்னையத் தூக்கீட்டு எறங்கறது ஆரு, நீயா? கெட்ட பழக்கத்த உடறான்னா, நல்ல பழக்கத்த உட்டுட்டு வந்து நிக்கறான்!" கத்தி முடித்ததும் ரெண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "சாமி சரணம், சாமி சரணம். மன்னிச்சுப்போடுங்க சாமி. மாத்திரை பேரச் சொல்லுங்க." மருந்துத் தாளை எடுத்து, கேஸ் என்பதை அடித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

லைசென்சு இருக்கிற இன்னொரு ஆள் குப்புராஜ்தான், வேனை அவன் ஓட்டுவதாக முடிவாயிற்று. வீட்டுக்கு வருகிற வழியில் காரணமே இல்லாமல் பாட்டு முணுமுணுத்தேன்.

மார்கழி 2, புதன்

நாலு நாளாகச் சுருக் இல்லை. குப்புராஜுக்கு வேனின் குணத்தைச் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கெஞ்சித்தான் போட வேண்டும். அவன் அதட்டிப் போடுகிறான்.

மார்கழி 3, வியாழன்

இருமுடி கட்டி ஆறு மணிக்குப் புறப்பட்டோம். நான் டிரைவருக்குப் பக்கத்து சீட். என் வண்டியில் நானே விருந்தாளி. ஒவ்வொரு வேகத்தடைக்கும் என் வலது கால் தானாகப் பிரேக் மிதித்தது. தேனி தாண்டும்வரை மிதித்து மிதித்துத் தொடை வலி.

"சாமி, நீங்க மிதிக்கறதுக்கு வண்டி நிக்காதுங்க" என்றான் குப்புராஜ்.

கம்பம் ரோடு ஆளில்லாமல் நேராகக் கிடந்தது. அவன் ஓரமாக நிறுத்தினான். "சித்தே ஓட்டறீங்களா? ஒரு பத்துக் கிலோமீட்டர். ஆரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க." பின்னால் எல்லோரும் தூக்கம்.

ஸ்டியரிங்கைப் பார்த்தேன். இறங்கி ஏறினால் போதும். எத்தனை ஆசையாக இருந்தது என்று எழுதினால் வெட்கம். கடைசிச் சுருக் கார்த்திகை 27. இன்றைக்கு ஐந்தாம் நாள்.

"வேண்டாஞ் சாமி. எனக்கு இன்னும் நாள் இருக்குது" என்றேன்.  கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் குமுளி மலை ஏறினோம். பதினோரு வருஷமாக இந்த மலையில் நான் பார்த்ததெல்லாம் அடுத்த கொண்டையூசி வளைவும் எதிரே வருகிற லாரியும்தான். இன்றுதான் கீழே பார்த்தேன். கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைத் தோட்டமும் தென்னையுமாகப் பச்சைப் பசேல் என்று கிடக்கிறது. "இது எப்ப வந்துது?" என்று கேட்டுவிட்டேன். வேன் முழுக்கச் சிரிப்பு.

மார்கழி 4, வெள்ளி

மலைக்குக் கீழே வண்டிகள் நிற்கிற நிலக்கல்லில் வேனுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். கால் இரண்டும் கெஞ்சுகிறது. தரிசனம் ஆயிற்று.

காலையில் மலை ஏறி வரிசையில் நின்றோம். ஆயிரக்கணக்கான கூட்டம். தள்ளுமுள்ளில் நான் மட்டும் முன்னால் போய்விட்டேன். எங்கள் ஆட்கள் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் முப்பதடி பின்னால் மாட்டிக்கொண்டார்கள். என்னைச் சுற்றி எந்தெந்த ஊர்ச் சாமிகளோ. ஏறுகிற மும்முரத்தில் மணி பத்தைத் தாண்டியதை நான் கவனிக்கவில்லை.

பின்னாலிருந்து குப்புராஜின் குரல். டயர் வெடித்தால்கூட அவ்வளவு சத்தம் வராது.

"நாச்சிமுத்து சாமியோவ்! மனசு மாத்திரை போட்டாச்சுங்களா?"

வரிசையே திரும்பி என்னைப் பார்த்தது. ரெண்டு வருஷம் அலமாரித் துணிக்கடியில் ஒளித்து, கேஸ் என்று ஊரை ஏமாற்றிச் சாப்பிட்ட மாத்திரை. ஒரு நொடி, அது நான் இல்லை என்று நின்றுவிடலாமா என்று தோன்றியது. மடியிலிருந்து அட்டையை எடுத்தேன். பக்கத்துச் சாமி ஒருத்தர் ஒன்றும் கேட்காமல் தன் சுக்குத் தண்ணீரை நீட்டினார். வாயில் போட்டு விழுங்கினேன். பின்னால் நிற்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன்.

"போட்டாச்சு சாமியோவ்!"

"சாமியே..." என்று குருசாமி இழுத்தார்.

"சரணம் ஐயப்பா!" என்று எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் போட்டார்கள். அது முன்னாலும் பின்னாலும் பரவி, வரிசை மொத்தமும், எதற்கென்று தெரியாமலேயே, சரணம் போட்டது. நானும் அழுதுகொண்டே போட்டேன்.